சும்மா ஓடுகிறவள்

நான் ஓட ஆரம்பித்த புதிதில் என் மேல் அதிக அக்கறை காட்டியவர் ஒரு டவுன் பஸ் டிரைவர்தான். விடிந்தும் விடியாத நேரத்தில், செவிலிமேட்டிலிருந்து ஓரிக்கை போகிற சாலையில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பேன். பின்னால் வரும் பஸ் என்னைத் தாண்டிப் போய் ஓரங்கட்டி நிற்கும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "வாம்மா, நிதானமா வா, பஸ்ஸு எங்கியும் போய்டாது" என்பார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, நிற்கிற பஸ்ஸைத் தாண்டி ஓடுவேன். உள்ளே தூங்கிக்கொண்டு வந்தவர்களெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். மறுநாளும் பஸ் நிற்கும். ஒரு வாரம் போனபிறகுதான், இவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடவில்லை, இது வேறு ஏதோ கோளாறு என்று அவர்களுக்கு விளங்கியது. அதன்பிறகு ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போனார்கள்.

நாற்பதைத் தாண்டிய ஒருத்தி காலையில் ஓடுகிறாள் என்றால் எங்கள் ஊருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். என்னிடம் இருந்ததோ மிகச் சாதாரணமான காரணம். பட்டுப்புடவைக் கடையில் எனக்கு வேலை. நாளெல்லாம் நின்றபடி புடவையை விரித்துக் காட்டவேண்டும், "வேற கலர் இருக்குதா?" என்ற கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லவேண்டும். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். நடந்தேன். நடந்தால் நாலு பேர் நிறுத்திப் பேசுகிறார்கள். பையன் என்ன படிக்கிறான், மாமியார் கண் ஆபரேஷன் என்ன ஆச்சு, எங்கள் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்தால் விலை பார்த்துப் போடுவாயா என்று கடையே தெருவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் தூரத்தில் ஒரு சொந்தக்காரி வருவதைப் பார்த்து, அவசர வேலை இருக்கிறவள் மாதிரி ஓடிப்பார்த்தேன். யாரும் நிறுத்தவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

இதைப் போய் என் கணவரிடம் உண்மையாகச் சொல்லித் தொலைத்தேன். அவருக்கு ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கோட்டு போட்ட ஒருவரைக் கூட்டிவந்து, மனசை எப்படி வளைப்பது என்று வகுப்பு எடுக்க வைப்பார்கள். அங்கே கற்றதை இவர் வீட்டுக்கு வந்து என் மேல் இறக்குவார்.

"இதெல்லாம் ஒரு ரீசனா? லாங் டிஸ்டன்ஸ் ஓடறவங்களுக்கு ஒரு 'வொய்' இருக்கணும். உன்னோட வொய் என்ன?"

"உங்ககிட்டேர்ந்து கொஞ்ச நேரம் தப்பிக்கறது."

"ஜோக் அடிக்காத. அதைக் கண்டுபுடிச்சாதான் மைண்டு ஸ்ட்ராங் ஆவும்."

என் கணவர் வாழ்க்கையில் ஓடியதில்லை. ஸ்கூட்டரில் என் வேகத்துக்கு என் பக்கத்திலேயே வந்துகொண்டு, போனைப் பார்த்துப் பார்த்து எனக்கு மன உறுதி ஊட்டுவார். ஜெயித்த மாதிரி தினமும் கண்ணை மூடிக் கற்பனை செய்து பார்க்கச் சொன்னார். செய்தேன். கற்பனையில் முடிவுக்கோட்டைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்ததும் அவர், "நல்லா ரிலாக்ஸ் ஆச்சு பார்" என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

நான் முதன்முதலாகச் சென்னையில் முழு மாரத்தான் ஓடப்போனது போன வருஷம். முப்பது கிலோமீட்டர் வரை ஒழுங்காகத்தான் ஓடினேன். அதன்பிறகு மண்டைக்குள் ஒரு குரல் கிளம்பியது. எங்கள் கடை முதலாளியின் குரல் மாதிரியே நிதானமாக, மரியாதையாகப் பேசியது. "உங்களை யாரும்மா ஓடச் சொன்னது?" அதற்குப் பதில் தேடிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினேன். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். காலில் வலி இருந்தது, ஆனால் உட்காரும் அளவுக்கு இல்லை. என் கணவர் வந்து பக்கத்தில் குனிந்து, "கால் தோக்கல, மைண்டு தோத்துடுச்சி" என்றார். ஷூவைக் கழற்றிய கையோடு அதை அவர்மேல் எறியாமல் விட்டதற்கு மன உறுதிதான் காரணம். ஆனால் அவர் சொன்னது சரிதான் என்பதுதான் எனக்கு ஆறவேயில்லை.

அதற்கப்புறம்தான் ஓரிக்கைத் திருப்பத்தில் இட்லி விற்கும் அக்கா என் வாழ்க்கைக்குள் வந்தாள். சின்ன அம்மன் கோயில் ஒன்று, அதற்கு எதிரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் அங்கே வந்து திரும்புவது வழக்கம். கொஞ்ச நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இட்லித் துணியை உரித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் குறுக்கே வந்து நின்று ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள்.

"என்னா வேண்டுதல்மா?"

"வேண்டுதல்லாம் இல்லக்கா. சும்மா உடம்புக்காகத்தான் ஓடறேன்."

எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையாட்டினாள். "சொல்லாத. வெளிய சொன்னா பலிக்காது. நான் கேட்டதுதான் தப்பு" என்று தன் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் ஊரில் இந்த விஷயத்தில் மட்டும் ஒருவரிடம் உண்மையை நிரூபிக்கவே முடியாது. வேண்டுதல் இருக்கிறவர்கள் இருக்கிறது என்று சொல்லமாட்டார்கள். இல்லை என்று எவ்வளவுக்கு அழுத்திச் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அது பெரிய வேண்டுதல் என்று ஆகிவிடும். நான் விடவில்லை. மறுநாள் போனை எடுத்து, ஓடிய தூரத்தைக் காட்டும் செயலியைத் திறந்து, இங்கே பார், நிறைய பேர் இப்படி ஓடுகிறார்கள், இது ஒரு பயிற்சி என்று விளக்கினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பயபக்தியோடு பார்த்தாள்.

"அளவு வேற வெச்சிக்கினு ஓடறியா. ரொம்பப் பெரிய வேண்டுதல்தான் போல."

நான் ஷூ போட்டிருப்பதற்கு அவளே சமாதானம் கண்டுபிடித்தாள். சர்க்கரை வியாதி, காலில் புண் வந்தால் ஆறாது, அதனால் அம்மன் மன்னிப்பாள். நான் கோயிலைப் பார்த்துக் கும்பிடாமல் ஓடுவதற்கும் காரணம் வைத்திருந்தாள், மனசுக்குள் கும்பிடுகிறேனாம். பயிற்சிக்காக முட்டை சாப்பிடுகிற விஷயம் எப்படியோ தெரிந்தபோதுதான் கொஞ்சம் ஆடிப்போனாள். அன்றைக்குத் தண்ணீரைக் கையில் கொடுக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு, "முட்டைய மட்டும் நிறுத்திக்கமா. நல்லா வந்துக்கினு இருக்கச்சே கெட்டுப்போய்டப் போவுது" என்றாள். நான் புரதச்சத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தவள் சொம்பைத் திரும்ப வாங்காமல் நின்றாள்.

"எம்பொண்ணு உள்ள படுத்துக்கினு இருக்குது. கட்டிக் குடுத்து வருசம் ஆறாச்சி. ரெண்டு தபா உண்டாயி தங்கல. இப்ப ஆறாவது மாசம் நடக்குது. எழுந்திரிக்கவே கூடாதுன்ட்டாரு டாக்டரு." கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "நீ ஓடச்சே அதையும் ஒரு வார்த்தை நெனச்சிக்கமா. உன் வேண்டுதலோட அதுவும் ஒரு ஓரமா இருக்கட்டும்."

மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் வைத்து என் கையாலேயே முடிச்சுப் போடச் சொன்னாள். விரதத்தில் இருக்கிற கையாம். முந்தின நாள் ராத்திரி ரெண்டு ஆம்லெட் தின்ற கை. வியர்வையில் துணி நழுவியது. இழுத்து இறுக்கி முடிந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து எரிச்சலோடு சொன்னேன். என் கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா? வொய் தேடிக்கினு இருந்தோம், அதுவே வந்து மாட்டிக்கிச்சி."

"ஒரு பொண்ணு உயிரைக் கையில புடிச்சிக்கினு படுத்திருக்குது. அது உங்களுக்கு வொய்யா? இன்னொரு தபா அந்த வார்த்தையச் சொன்னீங்கன்னா வண்டிச் சாவியத் தூக்கிக் கிணத்துல போட்டுடுவேன்."

அன்றோடு அந்த வார்த்தையை என் காதில் விழும்படி அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கிணறு கிடையாது என்பதுகூட அவருக்கு நினைவு வரவில்லை.

அந்தப் பெண்ணை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. கடையின் பின்கதவு திறந்திருந்தால் கட்டிலின் கால்மாடும், மெட்டி போட்ட இரண்டு பாதங்களும் தெரியும். ஆனால் அவள் என்னை விசாரிக்க ஆரம்பித்தாள். "அந்த அக்கா இன்னிக்கி எது வரிக்கும் போச்சின்னு கேட்டு வான்னுது" என்று அம்மாக்காரி வந்து நிற்பாள். படுத்த படுக்கையாக இருக்கிற ஒருத்திக்கு, நான் ஓடும்போது பார்த்ததெல்லாம் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை கூரம் வரை போய் வந்தேன் என்றால், அங்கே நெல் அறுத்துவிட்டார்களா என்று கேள்வி வரும். பாலாற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டாள். எங்கள் பாலாற்றில் மணல் இருக்கிறதா என்று கேட்டாலே பதில் சொல்வது கஷ்டம். பாலத்தின் கீழே ஒரு ஓரமாகக் கொஞ்சம் இருக்கிறது, கொக்கு நிற்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அதற்காகவே அடுத்த நாள் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். கொக்கு உண்மையாகவே நின்றது.

எப்போது என்று தெரியாமலேயே நான் அந்தக் கதவுக்காக ஓட ஆரம்பித்திருந்தேன். கடையில் புடவை விரிக்கும்போது, இன்றைக்கு அவளிடம் என்ன சொல்லலாம் என்று யோசிப்பேன். கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டது. சாமி நம்பிக்கை எனக்கு அப்படியொன்றும் இல்லை. அந்த அக்கா பார்த்துக்கொண்டிருப்பாளே, அவள் நம்பிக்கையில் ஏன் மண்ணைப் போடவேண்டும் என்றுதான். யாரும் பார்க்காத நாளிலும் கை போனது என்பதை என் கணவரிடம் சொல்லவில்லை.

இந்த வருஷ மாரத்தான் வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அக்கா என் நெற்றியில் குங்குமம் வைத்து, "பத்திரமா முடிச்சிட்டு வா" என்றாள். அந்தப் பெண் உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். கடலோரமாக ஓடுவீர்களா, வந்து சொல்லவேண்டும் என்று கேட்டாளாம்.

சென்னையில் முப்பதைத் தாண்டியதும் முதலாளியின் குரல் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. "உங்களை யாரும்மா ஓடச் சொன்னது?" இந்த முறை நான் பதில் தேடிக்கொண்டிருக்கவில்லை. கடையில் செய்கிற வேலையைச் செய்தேன். முகூர்த்த நாட்களில் ஒரு கல்யாணக் கும்பல் வந்து உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது எங்கள் முன்னால் பிரித்துப் போட்ட புடவை இடுப்புயரத்துக்குக் கிடக்கும். "இன்னும் ரெண்டு கடை பாத்துட்டு வரோம்" என்று அவர்கள் போய்விடுவார்கள். மடிப்பது நாங்கள். அந்தக் குவியலை நிமிர்ந்து பார்த்தால் தொலைந்தோம். கையில் இருக்கிற ஒரு புடவையை மட்டும் பார்க்கவேண்டும், ஜரிகை முறியாமல், முந்தி மேலே வரும்படி மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். நான் அடுத்த விளக்குக் கம்பம் வரை ஒரு புடவை என்று வைத்துக்கொண்டேன்.

மடித்துக்கொண்டே போகும்போது, அந்தப் பெண்ணுக்கு வளைகாப்புகூடப் போடவில்லையே என்று நினைவு வந்தது. படுக்கையில் இருக்கிறவளுக்கு எங்கே போடுவது. சரி, குழந்தை பிறந்தபிறகு கட்டிக்கொள்ள ஒன்று பார்க்கலாம் என்று குவியலில் தேட ஆரம்பித்தேன். மயில்கழுத்து வேண்டாம், எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். பச்சை அவள் நிறத்துக்கு எப்படியிருக்குமோ, நான் பார்த்தது பாதங்களைத்தானே. கடைசியில் மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் என்று முடிவுசெய்தேன். நிமிர்ந்தால் முடிவுக்கோடு தெரிந்தது. தாண்டினேன். ஒருபக்கம் மூச்சு வாங்குகிறது, இன்னொருபக்கம் அழுகை. என் கணவர் என்னைவிட அதிகமாக அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்த வீடியோவில் பதிவானதெல்லாம் தரைதான்.

திங்கட்கிழமை விடிந்ததும் கால்களை இழுத்து இழுத்து நடந்து ஓரிக்கைக்குப் போனேன். பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே கொடுத்தனுப்பி அந்தப் பெண் பார்க்கட்டும் என்று. கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"உனக்குத் தெரியாதாமா? சனிக்கெழமையே வலி வந்துடுச்சி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினாங்க. கொறப் பிரசவம். புள்ள பொழைக்கல."

சனிக்கிழமை. நான் சென்னைக்குக் கிளம்பி, ஷூவுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்த நாள். ஞாயிற்றுக்கிழமை அத்தனை கம்பங்களைத் தாண்டி, நிறம் பார்த்துப் பார்த்து நான் ஓடியபோது அந்தக் குழந்தை இல்லை. எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. அம்மன் மேலா, டாக்டர் மேலா, கோட்டைத் தாண்டிவிட்டு நேற்று பிரியாணி தின்ற என் மேலா என்று தெரியவில்லை. பதக்கத்தைப் பைக்குள்ளேயே அழுத்தி வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

அதற்கப்புறம் நான் ஓடவில்லை. கால் வலி என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் அந்தத் திருப்பத்தில் போய் எந்த முகத்தோடு நிற்பது என்ற பயம்தான். என் கையால் முடிந்த துணி. விரதத்தில் இருக்கிற கை. என்னிடம் எந்த வேண்டுதலும் இல்லை என்று நூறு தடவை சொன்னவள்தான் நான், ஆனாலும் ஏதோ ஒன்றை ஒழுங்காகச் செய்யாமல் விட்டவள் மாதிரிக் கூனிக் குறுகினேன். என் கணவர் அந்த நாட்களில் ஒரு மன உறுதி வீடியோவும் அனுப்பவில்லை, ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதுவும் ஒன்று.

வார விடுமுறை நாள் ஒன்றில் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் இட்லிக்கடை அக்கா. செவிலிமேட்டில் ஓடுகிற அம்மா வீடு எது என்று கேட்டாளாம், நாலு பேர் கையைக் காட்டினார்களாம். உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். என் கணவர் எழுந்து கதவோரம் நின்றுகொண்டார். அவள் காபியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"ஏம்மா வர்றதில்ல?"

"கால் வலிக்கா."

"அதில்ல." தலையைக் குனிந்துகொண்டாள். "எம்பாரத்தையும் தூக்கி உன் வேண்டுதல் மேல வெச்சிட்டேன். எனக்குத்தான் குடுத்து வெக்கல. என்னால உன்னுதும் கெட்டுப்போச்சா? அத்தக் கேக்கத்தான் வந்தேன். எப்பப் பாத்தாலும் அதே நெனப்பா இருக்குது எனக்கு."

பேரக் குழந்தையைப் பறிகொடுத்தவள், என்னிடம் மன்னிப்புக் கேட்க வெயிலில் நடந்து வந்திருந்தாள். நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, சத்தியமா சொல்றேன். எனக்கு வேண்டுதல்னு ஒண்ணு கெடையாது. மொதல்லேர்ந்தே கெடையாது. கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமே இல்ல. நான் சும்மாதான் ஓடறேன்."

இந்த முறை அவள் தலையாட்டவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

"புள்ளைக்காவ இல்ல? வூட்டுக்காரருக்காவ இல்ல?"

"யாருக்காகவும் இல்லக்கா."

முதல் தடவையாக அவள் என்னை நம்பினாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. கோபம் வரும், இத்தனை நாள் ஏமாற்றினாயா என்பாள் என்று காத்திருந்தேன். அவள் காபியை ஒரு வாய் குடித்தாள்.

"சும்மா ஓடினா என்னாமா கெடைக்கும்?"

கதவோரம் என் கணவர் வாயைத் திறந்தார். நான் திரும்பிப் பார்த்தேன், மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் கெடைக்காதுக்கா. கொஞ்ச தூரம் போனா மூச்சு வாங்கும். அப்புறம் அந்த மூச்சத் தவிர வேற எதையும் நெனைக்க முடியாது. அவ்வளவுதான்."

"வேற எதையும் நெனைக்க முடியாதா?"

"கொஞ்ச நேரத்துக்கு முடியாது."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எம்பொண்ணு செவுத்தப் பாத்துக்கினே படுத்திருக்குது. வர்றவங்கல்லாம் சாமி குடுக்கும், சாமி குடுக்கும்னு சொல்லிட்டுப் போறாங்க. சாமின்னாலே மூஞ்சியத் திருப்பிக்குது. ஒடம்பு கொஞ்சம் தேறட்டும், டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்." நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நீ வந்து கூட்டிக்கினு போறியா? ஓட வேணாம், ரோட்டோரமா நடந்தா போதும். எதுக்குன்னு கேக்கும். வேண்டுதல் அது இதுன்னா வராது. சும்மான்னு சொல்லு."